படகு கார்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பங்களா போர்ட்டிகோவில் ஒரு கார் வந்து நிற்கும். நிற்கும் என்றால், மூக்கு வந்து நின்ற பிறகு வால் வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். கோட்டு சூட்டு போட்ட பணக்கார அப்பா இறங்குவார். பிளிமத், டாட்ஜ், செவர்லே என்று ஏதாவது ஒன்று. படகு கார் என்று நம்மவர்கள் அதற்கு வைத்த பேர் அத்தனை பொருத்தம். தண்ணீர் மட்டும்தான் பாக்கி.

இந்தப் படகுகளின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே அது பணக்கார அப்பாவுக்கு மட்டுமான சமாசாரம் கிடையாது. ஆலைத் தொழிலாளியும் பள்ளிக்கூட வாத்தியாரும்கூட ஏறக்குறைய அதே சைஸ் வண்டியில்தான் போய்வந்தார்கள். இன்றைக்கும் எழுபது, எண்பது வயது அமெரிக்கர் யாரிடமாவது கார் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிதான் சார் வண்டி, என்ன கனம், என்ன இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகர டப்பா, விரலால் அழுத்தினாலே நசுங்கிவிடும் என்று ஆரம்பித்து, லேசில் விடமாட்டார்.

இந்தப் புலம்பலில் உண்மை எவ்வளவு? கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம்.

கார் ஏன் அத்தனை நீளமாயிற்று என்பதில் இருந்து தொடங்குவோம். ஆரம்பத்தில் அமெரிக்கர்களுக்கு அப்படியொரு ஆசையெல்லாம் இல்லை. ஹென்றி ஃபோர்டு 1908லிருந்து 1927வரை மாடல் டி என்று ஒரே ஒரு காரைத்தான் திரும்பத் திரும்பச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். ஒன்றரைக் கோடி வண்டிகள். பார்க்க சுமார். ஓடும். மலிவு. அவ்வளவுதான். ஒரு தடவை வாங்கியவர் மறுபடி கடைப்பக்கம் வர எந்தக் காரணமும் கிடையாது.

இந்த இடத்தில்தான் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் மூளையைக் கசக்கினார். நன்றாக ஓடுகிற காரை வைத்திருக்கிறவனை இன்னொரு கார் வாங்க வைப்பது எப்படி? வழி ஒன்றுதான். அவனிடம் இருப்பது பழசு என்று தோன்ற வைக்க வேண்டும். வருஷத்துக்கு வருஷம் உருவத்தை மாற்று. போன வருஷத்து வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு மாதிரியாகப் பார்க்கட்டும். செவர்லேயில் ஆரம்பித்து பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக் வழியாக கேடிலாக் வரை ஏணி வைத்தார் ஸ்லோன். சம்பளம் உயர உயர, ஒவ்வொரு படியாக ஏறவேண்டியதுதான்.

உருவத்தை மாற்ற ஆள் வேண்டுமே? 1927ல் ஹார்லி ஏர்ல் என்பவரைக் கொண்டுவந்தார்கள். ஹாலிவுட்டில் பிறந்தவர். அப்பா கோச்சு வண்டி கட்டுகிறவர். மகன் சினிமா நட்சத்திரங்களுக்கு ஆடம்பர கார் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் நல்ல உயரம். அடுத்த முப்பது வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் கார் எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானித்தவர் இவர்தான். தன் வேலையின் நோக்கமே காரை நீளமாக்குவதும் தாழ்வாக்குவதும்தான் என்று 1954ல் அவரே எழுதியிருக்கிறார். ஒளிவு மறைவே இல்லை.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஏர்லும் அவருடைய ஆட்களும் ஒரு போர் விமானத்தைப் பார்க்கப் போனார்கள். லாக்ஹீட் பி-38. இரட்டை வால் விமானம். அந்த வால் அவர்கள் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. போர் முடிந்து 1948ல் வந்த கேடிலாக்கின் பின்பக்கத்தில் இரண்டு சின்ன மேடுகள் முளைத்திருந்தன. மீன் துடுப்பு மாதிரி. அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒன்றுமில்லை. ஆனால் பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள்.

பிறகென்ன? போட்டி. 1957ல் கிரைஸ்லர் கம்பெனி இன்னும் பெரிய வாலோடு வந்தது. விடுவார்களா ஜெனரல் மோட்டார்ஸில்? 1959 கேடிலாக்கைப் போட்டார்கள். நீளம் 18 அடி 9 அங்குலம். எடை இரண்டு டன்னுக்கு மேல். இன்ஜின் 6.4 லிட்டர். பின்னால் இரண்டு வால். ஒவ்வொரு வாலிலும் துப்பாக்கிக் குண்டு வடிவில் இரண்டிரண்டு சிவப்பு விளக்கு. ராக்கெட் ஒன்று வழி தவறி ரோட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். நம்ம மாருதி 800ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 11 அடிதான். எடை சுமார் 650 கிலோ. ஒரு கேடிலாக்கை எடை போட்டால் மூன்று மாருதிகளுக்கு மேல் தேறும்.

இதெல்லாம் எப்படிக் கட்டுப்படியாயிற்று என்று கேட்பீர்கள். போர் முடிந்த கையோடு ஐரோப்பாவும் ஜப்பானும் இடிபாடுகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்க, அமெரிக்கத் தொழிற்சாலைகள் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன. கையில் காசு. ஒரு கேலன் பெட்ரோல், அதாவது கிட்டத்தட்ட 3.8 லிட்டர், முப்பது சென்ட் சுமாருக்குக் கிடைத்தது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் யாரும் முகம் சுளிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால்தானே? 1956ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நூல் பிடித்த மாதிரி நேர்ச் சாலைகள். வளைந்து நெளிந்து ஓட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஊரில், கார் எத்தனை நீளம் இருந்தால்தான் என்ன?

உள்ளேயும் சும்மா சொல்லக்கூடாது. முன்னால் சோபா மாதிரி ஒரே நீள சீட். கியர் கம்பு ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும் என்பதால் முன்வரிசையிலேயே மூன்று பேர் உட்காரலாம். பின்னால் மூன்று பேர். குண்டு குழி எதுவும் தெரியாது. தாலாட்டுதான். காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கிற திறந்தவெளித் தியேட்டர்கள் மட்டும் அப்போது நாடு முழுக்க நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. அந்தத் தலைமுறைக்குக் கார் என்பது இன்னொரு வரவேற்பறை. காதலித்தது, குழந்தை குட்டிகளோடு லீவுக்குப் போனது எல்லாம் அதில்தான். அவர்கள் அதை நினைத்து உருகுவதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அந்த வரவேற்பறையில் ஒரு சிக்கல் இருந்தது.

ஸ்டியரிங்கைத் தாங்குகிற தண்டு ஒரே இரும்புக் கம்பி. முன்னால் எதிலாவது மோதினால் அது ஈட்டி மாதிரி ஓட்டுகிறவரின் மார்பைப் பார்த்து வரும். டாஷ்போர்டு முழுக்க உலோகம். நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள். சீட் பெல்ட் கிடையாது. மோதுகிற வேகத்தில் உள்ளே இருப்பவர்கள் பந்து மாதிரி சிதறுவார்கள். கார் தப்பிக்கும். ஆள் தப்பிக்கமாட்டார்.

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? தெரியும். 1956ல் ஃபோர்டு கம்பெனி சீட் பெல்ட்டும் மெத்தை வைத்த டாஷ்போர்டும் தருகிறோம் என்று விளம்பரம் செய்து பார்த்தது. அதற்காக முனைந்தவர் ராபர்ட் மெக்நமாரா. ஆமாம், பின்னாளில் வியட்நாம் போரின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தாரே, அவரேதான். அந்த வருஷம் செவர்லேதான் அதிகம் விற்றது. விபத்தைப் பற்றிப் பேசினால் வாங்க வருகிறவன் பயந்து ஓடிவிடுவான் என்று டெட்ராய்ட் முடிவு கட்டியது. பெல்ட்டை விட்டுவிட்டு மறுபடி வாலைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதே சமயத்தில் ஐரோப்பாவில் வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மெர்சிடிஸ் கம்பெனியில் பேலா பாரன்யி என்ற பொறியாளர் ஒரு விபரீதமான விஷயம் சொன்னார். காரின் முன்பக்கமும் பின்பக்கமும் சுலபமாக நசுங்க வேண்டும். அப்படி நசுங்கினால் மோதலின் வேகத்தை அதுவே விழுங்கிக்கொள்ளும். நடுவில் ஆள் இருக்கிற கூண்டு மட்டும் கெட்டியாக இருந்தால் போதும். 1959ல் இந்த முறையில் மெர்சிடிஸ் கார் வந்தது. அதே 1959ல் வோல்வோவின் நில்ஸ் போலின் என்பவர் இன்றைக்கு நாம் தோளுக்குக் குறுக்கே மாட்டிக்கொள்கிற சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார். கேடிலாக்கின் வால் உச்சாணிக்குப் போன வருஷமும் அதுதான் என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவிலேயே முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. ராம்ப்ளர் என்ற சின்ன காரை விற்றுக்கொண்டிருந்த ஜார்ஜ் ராம்னி, பெரிய கார்களை பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று ஊர் ஊராகத் திட்டிக்கொண்டு போனார். ஜெர்மனியிலிருந்து ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வந்து இறங்கியது. வண்டு மாதிரி உருவம். அமெரிக்கக் கார்களுக்குப் பக்கத்தில் பொம்மை மாதிரி இருக்கும். 1959ல் ஒரு விளம்பரக் கம்பெனி இந்தக் குறையையே நிறையாக மாற்றியது. பெரிய வெள்ளைப் பக்கம், மூலையில் துளியூண்டு கார், சின்னதாக நினைத்துப் பாருங்கள் என்று ஒரு வரி. 1968ல் மட்டும் நாலு லட்சத்துக்கு மேல் பீட்டில்களை வாங்கித் தள்ளினார்கள் அமெரிக்கர்கள்.

1965ல் குண்டு விழுந்தது. ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். எந்த வேகத்தில் போனாலும் ஆபத்து என்பதுதான் தலைப்பின் சாரம். ஈட்டித் தண்டு பற்றி, உலோக டாஷ்போர்டு பற்றி, நின்றுகொண்டிருக்கும் காரின் கூர்மையான வாலில் மோதிக் குத்துப்பட்டவர்கள் பற்றியெல்லாம் அதில் புட்டுப் புட்டு வைத்தார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்திருக்க வேண்டும்? காரைத் திருத்தியிருக்க வேண்டும். அவர்களோ நேடரின் அந்தரங்கத்தைத் துருவத் துப்பறிவாளர்களை ஏவிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்துவிட, 1966ல் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் கமிட்டி முன்னால் வந்து, தொலைக்காட்சி கேமராக்கள் பார்க்க மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968லிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் சீட் பெல்ட் கட்டாயம். மோதினால் மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் தண்டும் வந்தது.

ஆனாலும் பாருங்கள், கார் சின்னதாகவில்லை. வால் போயிற்று, உடம்பு ஊதிக்கொண்டே போனது. எழுபதுகளின் கேடிலாக்கில் 8.2 லிட்டர் இன்ஜின். பத்து மாருதி 800 இன்ஜின்களைச் சேர்த்தாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். படகுகளை நிஜமாகவே கரை ஒதுக்கியது வேறொன்று.

1973 ஆகஸ்டில் அமெரிக்கன் கிராஃபிட்டி என்று ஒரு படம் வந்தது. ஸ்டார் வார்ஸ் எடுப்பதற்கு முன்னால் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த படம். 1962ல் ஒரு சின்ன ஊரில் பையன்கள் ராத்திரி முழுக்கக் காரில் சும்மா சுற்றிக்கொண்டே இருப்பதுதான் கதை. பெட்ரோல் தீருமே என்ற கவலை யாருக்கும் கிடையாது. ஓஹோவென்று ஓடியது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், இஸ்ரேலுடன் அரபு நாடுகளுக்குப் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு உதவிய அமெரிக்காவுக்கு எண்ணெய் கிடையாது என்று அரபு நாடுகள் குழாயை மூடின. பேரல் மூன்று டாலர் வாக்கில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரைத் தொட்டது. பெட்ரோல் பங்க்குகளில் மைல் கணக்கில் க்யூ. பல இடங்களில் ஒற்றைப்படை நம்பர் காருக்கு ஒரு நாள், இரட்டைப்படை நம்பருக்கு மறுநாள் என்று ரேஷன். பங்க்குகளை ஞாயிற்றுக்கிழமை மூடச் சொன்னார் நிக்சன். நேர்ச் சாலைகளிலும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று 1974ல் சட்டம். கையில் இரண்டு டன் படகை வைத்துக்கொண்டு க்யூவில் நின்றவர், பக்கத்தில் ஹோண்டா சிவிக்கில் வந்தவரைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும்!

1975ல் அரசாங்கம் இன்னொரு சட்டம் போட்டது. ஒரு கம்பெனி விற்கிற கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு இத்தனை மைல் கொடுத்தே ஆகவேண்டும். பத்து வருஷத்தில் 27.5 மைல். அன்றைய கணக்குப்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேறு வழியில்லாமல் ஜெனரல் மோட்டார்ஸ் 1977ல் கத்தரியைக் கையில் எடுத்தது. செவர்லேயின் பெரிய கார்களில் சுமார் பத்து அங்குலம் நீளத்தையும் கிட்டத்தட்ட 300 கிலோ எடையையும் வெட்டினார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? உள்ளே இடம் குறையவில்லை. டிக்கியில் கொஞ்சம் கூடவே செய்தது. அதுவரை அந்தப் பத்து அங்குலம் எதற்காக இருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பழைய பாணியில் அடிச்சட்டத்தின் மேல் உடம்பைப் பொருத்திய பெரிய அமெரிக்க செடான்களில் கடைசியாகத் தாக்குப்பிடித்தது, போலீஸ்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் ஓட்டிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. 2011ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

சரி, அந்தக் கனமான இரும்பு? தகர டப்பா குற்றச்சாட்டு? அதற்கு 2009ல் தீர்ப்பு கிடைத்தது. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று உண்டு. அதற்கு அது ஐம்பதாவது ஆண்டு. 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். 2009 செவர்லே மாலிபு ஒன்றை எதிரே நிறுத்தினார்கள். ஓட்டுநர் சீட்டில் ஆளுக்கொரு பொம்மை. இரண்டையும் மணிக்கு 40 மைல் வேகத்தில், ஓட்டுநர் பக்கம் மோதுகிற மாதிரி நேருக்கு நேர் விட்டார்கள்.

அந்தக் காட்சியின் வீடியோவைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். இரும்புக் கோட்டை என்று பேர் வாங்கிய பெல் ஏர் அட்டைப் பெட்டி மாதிரி மடங்குகிறது. கதவு, கூரை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆள் இருக்கிற இடத்துக்குள் வருகின்றன. அதில் நிஜ மனிதர் இருந்திருந்தால் அந்தக் கணமே உயிர் போயிருக்கும் என்றார்கள் நிபுணர்கள். மாலிபுவின் மூக்கு சுத்தமாக நசுங்கிப்போனது. ஆனால் கூண்டு அப்படியே நின்றது. ஓட்டியவருக்குக் காலில் அடி, அவ்வளவுதான். பாரன்யி சொன்னது அரை நூற்றாண்டு கழித்து எல்லோர் கண் முன்னாலும் நடந்து காட்டியது. அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் வண்டிகள் ஓடிய ஒவ்வொரு பத்துக் கோடி மைலுக்கும் ஐந்து பேருக்கு மேல் செத்தார்கள். 2014ல் அது ஒருவருக்குச் சற்று மேல். அந்தக் கால வண்டியின் அருமை பேசும் பெரியவர், அதில் பயணம் செய்து பிழைத்தவர். பிழைக்காதவர்கள் பேச வரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

1975 சட்டம் கார்களுக்கு ஒரு கணக்கும் சிறிய லாரிகளுக்குத் தனிக் கணக்கும் வைத்தது. நியாயம்தானே? விவசாயி வைக்கோல் ஏற்றுவார், கொத்தனார் சிமென்ட் ஏற்றுவார், அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது. லாரிகளுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. அறுபதுகளில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட, பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு வகையறாக்களோடு இறக்குமதிச் சிற்றுந்து லாரிகளுக்கும் 25 சதவிகிதம் வரி போட்டார். கோழி வரி என்றே அதற்குப் பேர். ஆக, வெளிநாட்டுப் போட்டி கிடையாது, பெட்ரோல் கட்டுப்பாடும் இளசு. டெட்ராய்ட்காரர்கள் சும்மா இருப்பார்களா? லாரிக்கு நாலு கதவு வைத்தார்கள். தோல் சீட் போட்டார்கள். ஏ.சி. மாட்டினார்கள். எஸ்.யூ.வி., பிக்கப் என்று குடும்பஸ்தர்களிடம் விற்றார்கள். வைக்கோலாவது, சிமென்ட்டாவது!

குட்டிக் கார் அங்கே செல்லுபடியாகவே இல்லை. 2008ல் பெட்ரோல் கேலன் நாலு டாலரைத் தாண்டியபோது ஸ்மார்ட் என்ற பொடிக் கார் வந்தது. இரண்டு ஸ்மார்ட்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் ஒரு 1959 கேடிலாக்கின் நீளம் வராது. முதல் வருஷம் ஓர் ஆர்வத்தில் வாங்கினார்கள். பெட்ரோல் விலை இறங்கியதும் ஆர்வமும் இறங்கிவிட்டது. 2019ல் மூட்டை கட்டிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஃபோர்டு கம்பெனி, இனி அமெரிக்காவில் செடான் கார்களே விற்பதில்லை என்று அறிவித்திருந்தது. இப்போது அங்கே விற்கிற புது வண்டிகளில் நான்கில் மூன்றுக்கு மேல் இந்த லாரி ஜாதிதான். வரிசையாக விற்பனையில் முதலிடம் பிடிக்கும் ஃபோர்டு எஃப் ரகத்தில் நாலு கதவு எஃப்-150 ஒன்றை அளந்து பாருங்கள். அந்தப் பழைய கேடிலாக்கைவிட அரை அடி அதிகம்!

ஆக, படகு எங்கேயும் போய்விடவில்லை. உயரமாக வளர்ந்து திரும்பி வந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பழைய படகு உள்ளே இருந்தவரைக் கொன்றது. புதிய படகில் உள்ளே இருப்பவர் ரொம்ப பத்திரம். பெல்ட், காற்றுப்பை, கெட்டியான கூண்டு எல்லாம் உண்டு. ஆபத்து வெளியே நடந்து போகிறவருக்கு. 2009ல் அமெரிக்கச் சாலைகளில் அடிபட்டு இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2021ல் அது ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. இருட்டு, வேகம், செல்போன் என்று காரணங்கள் பல இருக்கின்றன. வண்டியின் மூக்கும் அதில் ஒன்று. பெல் ஏரை மோதவிட்ட அதே அமைப்பு 2023ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பானெட்டின் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் போனால், தாழ்வான, சரிந்த மூக்குள்ள காரைவிட, பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்கிறது அது.

40 அங்குலம் என்பது சுமாராக ஒரு நாலு வயதுக் குழந்தையின் உயரம். ஹார்லி ஏர்லின் கார்களில் ஆயிரம் குறை சொல்லலாம். தாழ்வாக இருக்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததால், அவற்றை ஓட்டியவருக்குப் பானெட்டுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதாவது ஓரளவு தெரிந்தது. பழைய கார்களை நினைத்து ஏங்குகிறவர்கள் குரோமியப் பூச்சையும் வாலையும் விட்டுவிட்டு அந்த ஒரு விஷயத்துக்காக ஏங்கினால், அதில் நியாயம் இருக்கிறது.